கண்ணீர்த்துளி இழுவண்டி

கண்ணீர்த்துளி இழுவண்டி என்பது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும், இருவர் படுத்துறங்கக்கூடிய சிறிய முகாம் வண்டியாகும். முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்து குறுகியும் இருப்பதால் இப்பெயர் பெற்றது. (உண்மையில் விழும் மழைத்துளி இவ்வடிவில் இருப்பதில்லை. சிறு துளி உருண்டையாகவும் பெரிய துளி அடிப்பக்கம் தட்டையாகவும் இருக்கும். படம் வரைபவர்களால் பரவிய வடிவம் இது.) உள்ளே எழுந்து நிற்க முடியாது. படுக்கையும் சில தட்டுகளும் மட்டுமே இருக்கும். பின்பக்கக் கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை தெரியும். சமைப்பவர் வெளியே, அந்தக் கதவின் நிழலில் நின்று சமைப்பார்.

1930களில் அமெரிக்காவில் பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற இதழ்கள் வீட்டிலேயே இழுவண்டி செய்வதற்கான வரைபடங்களை வெளியிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் இவ்வண்டிகளுக்குப் பயன்பட்டன. 1947இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் வந்த வரைபடத்தை இன்றும் பலர் பின்பற்றுகின்றனர். 1960களில் பெரிய கார்களும் பெரிய முகாம் வண்டிகளும் வந்தபின் மறக்கப்பட்ட இவ்வடிவம், 1990களில் இணையத்தின் வழியே மீண்டும் பரவியது.

அமெரிக்காவில் இதனை வீட்டில் செய்வோர் பெரும்பாலும் 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகையை அளவுகோலாகக் கொள்கின்றனர். ஒரு பக்கச் சுவருக்கு ஒரு பலகை போதும் என்பதே காரணம்.

சட்டகமும் பாரமும்

பார்ப்பவர் கண்ணுக்கு மேலுள்ள வளைவுதான் தெரியும். ஆனால் வண்டி சாலையில் ஒழுங்காக ஓடுமா, ஓடாதா என்பது பலகை அறுப்பதற்கு முன்பே, இரும்புச் சட்டகம் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது.

சட்டகம் பொதுவாக 2 அங்குலச் சதுர இரும்புக் குழாயால் ஆனது. குழாய்களைத் தரையில் வைத்துச் சேர்த்தபின் முதலில் ஓரிரு இடங்களில் மட்டும் லேசாகப் பற்றவைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமானால்தான் அது செவ்வகம். சமமாக இல்லாவிட்டால் தட்டிச் சரிசெய்த பிறகே முழுமையாகப் பற்றவைக்க வேண்டும். இங்கே அரை அங்குலம் கோணினால், பின்னர் சுவர், கூரை, கதவு எல்லாமே கோணும். வெல்டிங் பழக்கமில்லாதவர் இந்த ஒரு வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

அடுத்து வருவது அச்சை எங்கே பொருத்துவது என்ற கேள்வி. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வது இதைப் பற்றித்தான். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் கழுத்தே பாரம் சுமக்கும். காரின் பின்னால் ஓடும் இரு சக்கர வண்டிக்கும் இதே விதிதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்க இணைப்பின் மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் வேகம் கூடும்போது வண்டியின் பின்பகுதி வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் தானாகப் பெருகிக் காரையே கவிழ்த்துவிடக்கூடும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வண்டியின் எடை 500 கிலோ. இணைப்பிலிருந்து அச்சு வரை 2.8 மீட்டர். வண்டியின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 34 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், இணைப்பில் அழுந்தும் எடை 500 × 0.34 ÷ 2.8, அதாவது ஏறத்தாழ 60 கிலோ. இது 12 சதவீதம். வெறும் வண்டிக்கு இது மிகச் சரி.

ஆனால் சமையலறை பின்னால் அல்லவா இருக்கிறது? முகாமுக்குப் புறப்படும்போது ஐஸ் பெட்டி, அடுப்பு, பாத்திரங்கள், 20 லிட்டர் தண்ணீர் என 60 கிலோ அங்கே ஏறுகிறது. அது அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், முன்பாரத்தில் 60 × 1.2 ÷ 2.8, அதாவது ஏறத்தாழ 26 கிலோ குறையும். மீதி 34 கிலோதான். மொத்த எடையோ இப்போது 560 கிலோ. முன்பாரம் 6 சதவீதமாகிவிட்டது. வீட்டு வாசலில் நன்றாக நின்ற வண்டி நெடுஞ்சாலையில் ஆபத்தாக மாறுவது இப்படித்தான். வரைபடத்தில் வண்டியை மட்டும் எடை போட்டு, அதில் ஏறும் பொருளை எடை போடாததே இதற்குக் காரணம்.

இதைச் சரிசெய்வது கடினமன்று. தண்ணீரைப் பின்னாலிருந்து எடுத்து, 25 கிலோ மின்கலத்துடன் சேர்த்து, ஏர்க்கால் போல நீண்டிருக்கும் முன்கம்பியின் மேல், அச்சுக்கு 2.2 மீட்டர் முன்னால் ஒரு பெட்டியில் வைத்தால் முன்பாரம் ஏறத்தாழ 78 கிலோவாகும். 585 கிலோவுக்கு அது 13 சதவீதத்தைச் சற்றே தாண்டும். இன்னும் நல்ல வழி, அச்சை உடனே பற்றவைத்துவிடாமல் போல்ட்டு மட்டும் பூட்டி வைத்து, வண்டி முடிந்து பொருளும் ஏற்றிய பிறகு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது.

முன்பாரத்தை அளக்கக் குளியலறை எடை இயந்திரமே போதும். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை எடை இயந்திரத்தின் மேலும் வைத்து, இடைவெளி 3 அடி இருக்குமாறு செய்ய வேண்டும். பலகை மட்டும் இருக்கும்போது இயந்திரம் காட்டும் எடையைக் குறித்துக்கொண்டு, செங்கலிலிருந்து 1 அடி தொலைவில் வண்டியின் இணைப்பை இறக்க வேண்டும். கூடுதலாகக் காட்டும் எடையை 3ஆல் பெருக்கினால் விடை. பள்ளியில் படிக்கும் நெம்புகோல் தத்துவம்தான். அளக்கும்போது வண்டி தரைமட்டமாக நிற்பதும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருப்பதும் அவசியம்.

உடலும் கூரையும்

தரைக்கு முக்கால் அங்குல பிளைவுட். அடிப்பக்கம் சாலை நீர் தெறிக்கும் இடம் என்பதால், சட்டகத்தில் பூட்டுவதற்கு முன்பே நீர் புகாத பூச்சு கொடுக்க வேண்டும். பலகையின் முகத்தைவிட அறுத்த ஓரங்களே அதிகம் நீர் குடிக்கும். பூச்சும் அங்கேதான் கூடுதலாகத் தேவை.

வளைவு வரைய மெல்லிய மூங்கில் பத்தையோ மரச்சட்டமோ போதும். அதை வளைத்துப் பிடித்து ஒருவர் வரையலாம். இரு சுவர்ப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சேர்த்தே அறுக்க வேண்டும். தனித்தனியே அறுத்தால் இரு பக்கமும் ஒத்துப்போகாது. சுவர்களுக்கு இடையே குறுக்குச் சட்டங்கள் வைத்து, மேலே 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை மெதுவாக வளைத்து ஒட்டுவர். குளிர் தாங்க, சட்டங்களின் இடையே ஒரு அங்குல நுரைப்பலகை நிரப்புவதுண்டு.

வெளியே அலுமினியத் தகடு போர்த்துவோர் அது வெயிலில் நீள்வதை மறக்கக்கூடாது. 3 மீட்டர் தகடு, வெப்பநிலை 40 டிகிரி செல்சியசு உயர்ந்தால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். எல்லாப் பக்கமும் இறுக்கி ஒட்டினால் தகடு நடுவில் உப்பும். திருகுத் துளைகளைச் சற்றுப் பெரிதாக இட்டு, விளிம்பைப் பட்டையால் அழுத்திப் பிடிப்பதே வழக்கம். மழை ஒழுகுவது பெரும்பாலும் பின்கதவின் கீலில்தான். அங்கே ரப்பர் பட்டையில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இருவர் மூடிய அறையில் தூங்கினால் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் வியர்க்கும். ஆகவே கூரையில் ஒரு காற்றுத்துளையும் பக்கத்தில் ஒரு சன்னலும் தேவை. எவ்வளவு குளிரானாலும் படுக்கும் பகுதியில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

விளக்கும் பதிவும்

அமெரிக்காவில் சிறு இழுவண்டிகளுக்கு நான்கு கம்பி இணைப்பு வழக்கில் உள்ளது. பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடப்பக்கச் சைகைக்கும் பிரேக் விளக்குக்கும், பச்சை வலப்பக்கத்திற்கு, வெள்ளை சட்டகத்துடன் சேரும் எர்த் கம்பி. விளக்கு மங்கினாலும் மாறி மாறி எரிந்தாலும் முதலில் வெள்ளைக் கம்பியைப் பார்க்க வேண்டும். பெயிண்டைச் சுரண்டாமல் திருகிய இடமே பெரும்பாலும் குற்றவாளி. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்கம்பிக்குக் கீழே குறுக்காகப் பூட்டினால், இணைப்பு கழன்றாலும் முன்பகுதி தரையில் குத்தாது.

வீட்டில் செய்த வண்டியைப் பதிவு செய்யும் விதி மாநிலத்திற்கு மாநிலம் மாறும். பொருள் வாங்கிய ரசீதுகளையும் எடைச் சீட்டையும் பல இடங்களில் கேட்பதால் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் வாலாட்டம் தெரிந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திப் பாரத்தை முன்னால் மாற்றிய பின்னரே பயணத்தைத் தொடரலாம். ஆட்டம் இல்லாவிட்டாலும் முதல் 80 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கி, சக்கரத்தின் குடத்தருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் பேரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.