பள்ளி வாயிலைக் கடக்கும் பிள்ளைகளுக்கு

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் ஊவாத் தோட்டங்களின் லயங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. "பிள்ளை இனி என்ன செய்யப் போகிறது?" என்பதே அது. பசறையாயினும் மடூல்சீமையாயினும் ஹப்புத்தளையாயினும் கேள்வி ஒன்றே. விடையும் பெரும்பாலும் ஒன்றே. "பெறுபேறு வரும்வரை கொழும்பிலே ஒரு கடையில் நிற்கட்டும்" என்பர். பெறுபேறு வந்துவிடும்; போன பிள்ளை வருவதில்லை. தமிழாசிரியனாக இம்மாவட்டத்திற் பல்லாண்டு கழித்த யான், நல்ல மாணாக்கர் பலரை இவ்வாறே இழந்திருக்கின்றேன்.

பெற்றோரைக் குறை கூறல் எளிது, நீதியன்று. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமென்றது. ஆயின் ஆறு வயது முதற் பத்து வயது வரையே வேண்டுமென்றது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் நிழல் தோட்டப் பாடசாலைகள்மீது முழுமையாக விழவில்லை. 1977 முதற் கட்டங்கட்டமாகவே அப்பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. பாட்டன் ஐந்தாம் வகுப்போடு நின்ற குடும்பத்தில், பேரன் பதினோராம் வகுப்பை முடிப்பதே பெருஞ்சாதனையாகத் தோன்றுதல் இயல்பு. அச்சாதனையை முடிவென்று கொள்ளாமற் படியென்று கொள்ளுமாறு வேண்டுதற்கே இக்கட்டுரை.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் உவமை காட்டினார். தலைமாணாக்கன் அன்னமும் பசுவும் போல்வான். கடைமாணாக்கருள் ஒருவன் ஆடு போல்வான். பசு கண்ட புல்லை வயிறார மேய்ந்து, பின்பு ஓரிடத்திலே கிடந்து அசை போடும். ஆடோ ஒரு செடியிலும் நிலையாது, நுனியைக் கடித்து அடுத்த செடிக்கு ஓடும். உயர்தரம் பயிலப் புகும் பிள்ளைகள் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளல் நன்று. ஒரு வகுப்பிலே பாதிக் குறிப்பு, மற்றொரு வகுப்பிலே பாதிக் குறிப்பு என ஓடித் திரிதல் ஆட்டின் மேய்ச்சல். ஒரு நூலை முற்றக் கற்றுக் கடந்த ஆண்டு வினாத்தாள்களை எழுதிப் பார்த்தல் பசுவின் அசைபோடல்.

எனினும் ஒன்று கூறுவேன். இடைமாணாக்கனுக்கு முனிவர் காட்டிய உவமைகளுள் நிலமும் ஒன்று. உழவன் முயற்சி எவ்வளவோ அவ்வளவே அது விளையும். எங்கள் மலைப் பாடசாலைகள் பலவற்றிலே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உழவனே இல்லை. அதனாலே பிள்ளைகள் தமக்கு விருப்பமானதை விடுத்துப் பாடசாலையில் உள்ளதைக் கற்கின்றனர். கலைத்துறை தாழ்ந்ததன்று, தமிழ்ப் பண்டிதனாகிய யான் அவ்வாறு சொல்லேன். ஆயின் வேறு கதவு அடைபட்டமையால் அதனுட் புகுதல் வேறு. விரும்பிப் புகுதல் வேறு.

கணிதத்திலே திறமைச் சித்தி பெற்ற பிள்ளை, அத்துறையுள்ள பாடசாலை பதுளையிலோ பண்டாரவளையிலோ இருப்பினும் துணிந்து விண்ணப்பித்தல் வேண்டும். மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியிலே 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அறியாதவனுக்கு இச்சலுகை இருந்தும் இல்லாததே.

2005இல் பதுளையிலே தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. தாய் கொழுந்து பறிக்கும் மலைக்கு அண்மையிலேயே மகள் அத்தேயிலையின் விஞ்ஞானத்தைக் கற்கலாம். இதனை எத்தனை லயங்கள் அறியும்?

சித்தி எய்தாத பிள்ளைக்கும் சொல்லற்பாலது உண்டு. உயர்தரம் செல்ல முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் மூன்றிலே திறமைச் சித்தியும் வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் மீண்டும் தோற்றலாம். அதிலே வெட்கம் யாதுமில்லை. கைத்தொழிலில் நாட்டமுள்ளவன் கடைக்குப் போவதாயினும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுப் போகட்டும். அத்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டத்துக்கு ஒப்பானது. சான்றிதழ் உள்ளவன் தொழிலாளி, இல்லாதவன் எடுபிடி. இருவரும் ஒரே கடையில் நின்றாலும் பத்தாண்டின் பின் ஒரே இடத்தில் நில்லார்.

இன்னொன்று, சிறிதெனத் தோன்றிப் பெரிதாய் முடிவது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என இருக்கும் பிள்ளைகள் எம்மிடையே பலர். தந்தை பெயரின் ஓரெழுத்துப் பிழையால் நேர்முகத் தேர்வில் நின்று தவித்தவரை யான் கண்டதுண்டு. இன்றே பத்திரங்களை எடுத்துப் பார்மின். பிழையிருப்பின் பதிவாளரிடம் சென்று திருத்துமின்.

மொழியும் அவ்வாறே. இம்மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் பல இருமொழி நிருவாகத்துக்கு உரியன. தமிழைப் பிழையற எழுதிச் சிங்களத்தையும் சரளமாகப் பேச வல்லானுக்கு அங்கே வேலையுண்டு. அவனால் எம்மக்களுக்குப் பயனுமுண்டு. பிறமொழி கற்பதனால் தாய்மொழி தேயாது. தாய்மொழியைக் கல்லாமையாலேதான் தேயும்.

1934இல் ஹாலிஎலைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலே பிறந்த ஒருவர், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடி, தெளிவத்தை ஜோசப் எனத் தமிழுலகம் முழுதும் அறியப்பட்டார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரை நாடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார். தோட்டத்தின் பெயர் இலக்கியத்திலே நிலைத்தது. தோட்டத்திற் பிறந்தமை தடையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பெற்றோரே, வீட்டின் வறுமையை யான் அறியேனல்லேன். ஒரு கை உழைப்புக் குறைந்தால் அடுப்பிலும் குறையும். ஆயினும் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றுமுன், பெறுபேற்றுத் தாளோடு ஒருமுறை பாடசாலைக்கு அழைத்து வாருங்கள். அங்கே ஓர் ஆசிரியராவது உங்களோடு அமர்ந்து வழிகளை எண்ணிப் பார்க்கக் காத்திருப்பார். பேருந்து நாளையும் வரும்.