பெயர் ஒன்று, ஆள் வேறு

சென்ற ஆண்டு அம்மாவின் வைத்தியச் செலவு குறித்துத் தம்பிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி எழுதினேன். அது அதே பெயருள்ள எங்கள் குடியிருப்புச் செயலாளருக்குப் போய்விட்டது. அவர் பெரிய மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தஞ்சாவூரில் தம்பி பத்து நாள் என் பதிலுக்குக் காத்திருந்து, அண்ணனுக்கு அக்கறையில்லை என்று மனம் நொந்து போனான்.

இங்கே புனேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளிடம் சொல்லி வருந்தினேன். "தப்பு உங்க மேல மட்டும் இல்லப்பா, பேர் எழுதற அந்தக் கட்டத்து மேலயும்தான்" என்றாள். அவள் ஓய்வு நேரத்தில் ஜூலிப் என்ற அரட்டைச் செயலிக்குத் திருத்தங்கள் எழுதி அனுப்புபவள். 2012-இல் தொடங்கிய அந்தச் செயலியின் மூலநிரல் 2015-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அவள் விளக்கியதை அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

முன்பு அதில் பெறுநர்களின் முகவரிகளைக் காற்புள்ளியிட்டு வரிசையாக எழுத வேண்டும். மின்னஞ்சலுக்கு 1982-இல் வகுத்த விதியிலேயே இந்தக் காற்புள்ளி உண்டு. ஓர் எழுத்து பிசகினாலும் வம்புதான். பிறகு 'மாத்திரை' முறை வந்தது. இரண்டு எழுத்து தட்டியதும் பொருத்தமான பெயர்கள் கீழே வரும். ஒன்றைத் தேர்ந்தால் அது மாத்திரை வடிவில் கட்டத்துக்குள் உட்காரும். அழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் மாத்திரை முழுவதும் போகும். பாதிப் பெயர் மிஞ்சாது.

முக்கியமான சங்கதி, மாத்திரைக்குள் இருப்பது வெறும் பெயர் அல்ல. அந்த ஆளுக்கே உரிய ஓர் எண். ரயிலில் ஒரே பெயரில் இருவர் வந்தாலும் 10 இலக்க பி.என்.ஆர். எண் வேறாக இருப்பதில்லையா, அதுபோல. பெயரோடு படமோ முகவரியோ சேர்த்துக் காட்டினால் நம் கண்ணுக்கும் வேற்றுமை தெரியும். நம்மவர் பெயர்களில் இனிஷியல் முன்னால் நிற்கும். ஆகவே 'ராம' என்று தட்டினால் 'எஸ். ராமன்' வர வேண்டும். பெயரின் முதலெழுத்தை மட்டும் பார்க்கிற தேடல் அவரைக் கோட்டை விட்டுவிடும்.

இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் சோதனை நிரல்கள். ஒரு நிரலே 'ரா' என்று தட்டுவதாகப் பாவனை செய்து, பட்டியல் சரியா, தேர்ந்தவரின் எண் சரியா, அழித்தால் போகிறதா என்று பார்க்கும். பிரவுசரைத் திறக்காமலே நடக்கும் சோதனைகள் விரைவானவை. நிஜமாகவே பிரவுசரைத் திறந்து பார்ப்பவை மெதுவானவை. ஆனால் பயனர் காண்பதையே காண்பவை. இரண்டும் வேண்டும். பிழை ஒன்று அகப்பட்டால், முதலில் அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை எழுதிவிட்டுப் பிறகே திருத்துவாளாம். "நாளைக்கு வேற யாராவது மாத்தினாலும் அந்தப் பிழை திரும்ப வராதுப்பா" என்றாள்.

தம்பியிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டான். இப்போது அவன் பெயரோடு 'தஞ்சாவூர்' என்றும் சேர்த்துப் பதிந்திருக்கிறேன். அன்பர்களும் குடும்ப விஷயம் எழுதுமுன் பெறுநர் பெயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினி படிக்கும் நம் பிள்ளைகளோ, இத்தகைய திறந்த செயலிகளில் ஒரு சோதனையாவது எழுதிப் பழகலாம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனத்தாங்கல் குறையும்.