வயிற்றுக்கு இரண்டு பாஷை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி ரசிப்பவர்கள் உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலுமிச்சம் பழத்தை மூக்கருகே பிடித்தபடி தெய்வத்தை வேண்டுபவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். ஆகவே, சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை என்ற கிராமத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்த ஒரு சிநேகிதியின் உறவினர் வீட்டுத் திண்ணையில் போய் விழுந்தபோது என் வயிறு இருந்த நிலையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த வீட்டுப் பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "வெறும் குமட்டலுங்களா, வாந்தியே எடுத்துட்டீங்களா? எடுத்தது என்ன நிறமுங்க?" என்று கேட்டாள்.

வந்த விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா இது! பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் நர்ஸிங் படிக்கிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள். பத்து நாளில் பரீட்சை. பாடம் ஜீரண உறுப்புகளின் வியாதிகள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே அவளை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் நர்ஸுக்கோ டாக்டருக்கோ படித்துக் கொண்டிருக்கலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து 'டிஸ்பேஜியா, டிஸ்பெப்ஸியா' என்று அவள் உருப்போடுவதைக் காப்பி கலந்தபடியே கேட்டிருப்பீர்கள். முன்னது விழுங்குவதில் கஷ்டம், பின்னது அஜீரணம். தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதினால் மார்க்கு போயிற்று. இந்தப் பெண்ணும் முதலில் அப்படித்தான் உருப்போட்டாளாம். வார்டுக்குப் போன முதல் நாளே அது உதவாமல் போய்விட்டது. எந்த நோயாளியும் அவளிடம் வந்து "எனக்கு டிஸ்பெப்ஸியா" என்று சொல்லவில்லை. "நெஞ்சு கரிக்குது" என்றார் ஒருவர். "புளிச்ச ஏப்பமா வருது" என்றார் இன்னொருவர். "வயிறு பொருமலா இருக்கு", "மந்தமா இருக்கு", "அடிவயித்திலே சுருக்குன்னுது". புத்தகம் ஒரு பாஷை, வயிறு வேறு பாஷை.

அன்று ராத்திரியே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நடுவே கோடு போட்டாள். இடப்பக்கம் புத்தகத்தின் வார்த்தை. வலப்பக்கம் நோயாளியின் வார்த்தை. அந்த நோட்டை எனக்குக் காட்டினாள். வரிசையும் அழகான வரிசை: ஒரு கவளம் சோறு வாயில் புகுந்தது முதல் வெளியேறும் வரை போகும் வழி. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, அங்கே என்னென்ன தொல்லை வரும் என்று குறித்திருக்கிறாள். பெருங்குடலில் கல்லீரல் பக்கம் ஒரு வளைவு, மண்ணீரல் பக்கம் ஒரு வளைவு. "நம்ம ரோட்டுக்கு இது எவ்வளவோ தேவலைங்க" என்று சிரித்தாள்.

சில பக்கங்களைச் சொல்கிறேன். பேதி என்றால் தண்ணீராகப் போவது. வயிற்றுக் கடுப்பு என்றால் முக்கி முக்கிச் சீதமும் ரத்தமுமாகக் கொஞ்சம் போவது. நாம் இரண்டையும் சேர்த்து 'வயிற்றாலே போகிறது' என்று முடித்து விடுவோம். மருந்து வேறு, காரணம் வேறு. பேதிக்கு நேரே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரின் அளவை எழுதி, பக்கத்தில் 1971 என்று குறித்திருந்தாள். அந்த வருஷம் வங்காள எல்லையில் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்து போகவே, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இந்த நீரைக் கலந்து குடிக்கக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றினார். பேதி என்றால் தண்ணீரை நிறுத்தும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

அடுத்தது குடல்வால் அழற்சி. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து நின்று கொள்ளும். சாப்பாட்டைக் கண்டால் பிடிக்காது. அதற்கு எதிரே சிவப்பு மையில் 'விளக்கெண்ணெய் கொடுக்காதே' என்று இருந்தது. குடல்வால் வெடித்துவிடும் என்பதால்தான். எத்தனை பாட்டிமார்களின் கை இந்த இடத்தில் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேடியிருக்கும்!

நோட்டில் கனத்த பகுதி இரைப்பைப் புண்தான். சாப்பிட்ட சற்று நேரத்தில் வலித்தால் இரைப்பையில் புண். பசி வேளையில் வலித்து, நடுராத்திரியில் எழுப்பி, ஏதாவது சாப்பிட்டால் அடங்கினால் அதற்கடுத்த முன்சிறுகுடலில் புண். பரீட்சைக்கு இப்படி எழுத வேண்டும். நோயாளிகள் எல்லாரும் இந்தக் கோட்டுக்குள் நிற்பதில்லை என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

இந்தப் புண்ணுக்கும் நம் தென்கோடிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஸாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். பிராணவாயுக் குப்பி இல்லாமல் 28,000 அடி உயரத்தை நெருங்கியவர். முதல் முறை மலையிலிருந்து இறங்கியதும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குவிந்து கிடப்பதைக் கண்டு, தன் வாழ்க்கையையே அங்கே ஒப்படைத்துவிட்டார். அங்கே அவர் கத்தியெடுத்தது பெரும்பாலும் முன்சிறுகுடல் புண்ணுக்குத்தான். பிற்பாடு வேலூர் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு அறுவை வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். இத்தனை புண் ஏன் என்று தேடியவர்கள் மரவள்ளிக் கிழங்கைச் சந்தேகித்தார்கள். குன்னூரில் மக்காரிஸன் என்ற விஞ்ஞானி, திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்ததில் பல எலிகளுக்குப் புண் வந்தது. ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரர்கள் கலங்க வேண்டாம். கதை அதோடு முடியவில்லை. 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சியோடு படுத்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. 'கவலைப்படாதே, காரம் தின்னாதே, பாலைக் குடி' என்று எழுதி மார்க்கு வாங்கியவர்கள் புத்தகத்தையே மாற்றிப் படிக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இரண்டு: அந்தக் கிருமி, மற்றது, மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்குகிற வலி மாத்திரை.

இந்த இரண்டாவதைச் சொல்லும்போது அந்தப் பெண் திண்ணை மூலையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, மிளகு ஆய்ந்து கொண்டிருந்தார்.

போன லீவில் நடந்தது. ஆயாவுக்கு நாற்பது வருஷம் காப்பித் தோட்டத்தில் ஏறி இறங்கிய முழங்கால். கடையில் மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு போட்டுக் கொள்வாராம். சில நாளாக மேடேறினால் மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. வயசாகிவிட்டது என்றார்கள் வீட்டில். அன்று மாலை பேத்தி படித்துக் கொண்டிருந்த பக்கத்தில் இரண்டு வார்த்தைகள். ஒன்று ஹெமட்டெமிஸிஸ்: ரத்த வாந்தி, இரைப்பை அமிலம் பட்டால் ரத்தம் சிவப்பாக இராது, காப்பி மண்டி போல வரும். காப்பித் தோட்டத்துப் பெண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று மெலினா: மலம் தார் போலப் போவது. வலப்பக்கம் காலியாக இருந்தது. எழுதுவதற்காகத்தான் ஆயாவைக் கேட்டாள்.

"ஆயா, வெளிக்குப் போனா என்ன நிறமா இருக்குது?"

"இதென்ன கண்ணு கேள்வி! கறுப்பாத்தான் போகுது. கேழ்வரகுக் களி தின்னா அப்படித்தானே?"

"தண்ணி ஊத்தினா போகுதா, ஒட்டிக்கிதா?"

"தாராட்டம் ஒட்டுது. நாத்தம் வேறே. எத்தனை நாளா, அதை யாருகிட்டே கண்ணு சொல்லறது?"

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும்; ஆனால் தாராக ஒட்டாது, அந்த வாடையும் வராது. அன்றிரவே ஜீப் பிடித்து, மலை இறங்கி, ஆயாவைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் புண் கசிந்து கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியை நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா? வலி மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர் இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கூச்சப்படுவார்கள், பரவாயில்லை.

மெலினாவுக்கு எதிரே இப்போது 'தாராட்டம் ஒட்டுது' என்று எழுதியிருக்கிறது. நோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே மட்டும் வலப்பக்கத்தை முதலில் எழுதியிருந்தாள்: 'வாயுப் பிடிப்பு, நெஞ்சை அடைக்குது.' இடப்பக்கத்தில் ஜீரண வியாதி எதுவும் இல்லை. சிவப்பு மையில் ஒரு வரிதான்: 'முதலில் ஈ.ஸி.ஜி.'