நிமிடத்துக்கு 25 அலாரம் அடித்தால் எதைக் கவனிப்பது? தோல் நகரங்களுக்கு ஒரு கவனக் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. 2014-ல், தோல் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழிற்சாலைகளும் பொது சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை ஆன்லைனில் கண்காணிக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது.

நீரின் அளவு, பிஎச், ஆர்.ஓ. அழுத்தம்னு எல்லாமே எண்களாகத் திரைக்கு வந்துவிடும். சரி, அத்தனையையும் ஒரு மனுஷனால எவ்வளவு நேரம் பார்த்துட்டே இருக்க முடியும்?

கவனத்துக்கு எல்லை உண்டா?

உண்டு. ரேடார் பார்ப்பவர்களை மனதில் வைத்து நார்மன் மேக்வொர்த் நடத்திய சோதனை 1948-ல் வெளியானது. ஒரு முள் எப்போதாவது இரட்டிப்பாகத் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்திலேயே பலர் கோட்டை விட ஆரம்பித்தார்கள். ஒரே சமயத்தில் மனதில் நிற்பது சுமார் 4 விஷயங்கள்தான் என்று 2001-ல் நெல்சன் கோவன் கணக்கிட்டார்.

இதை வைத்து திரையை வடிவமைக்க முடியுமா?

முடியும். 1983-ல் கார்ட், மோரன், நியூவெல் மூவரும் மனிதரையே ஒரு கம்ப்யூட்டர் மாதிரி கணக்கு போட்டார்கள். கண் பார்க்க சுமார் 0.1 விநாடி, மூளை முடிவெடுக்க 0.07, கை அசைய 0.07. ஒரு விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்தவே கால் விநாடி ஆகிவிடும். திரையை உருவாக்கும் முன்பே அது ஆளைத் திணறடிக்குமா என்று இப்படிக் கணிக்கலாம்.

கணிக்காவிட்டால்?

1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆபரேட்டர்கள் சமாளிக்க வேண்டியிருந்த அலாரங்கள் 275. நிமிடத்துக்கு 25! 10 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பதே இன்று தொழில்துறை வழிகாட்டுதல்.

நம்ம ஊருக்கு என்ன?

2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட் பகுதி சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அது திரைக் கோளாறு அல்ல. ஆனால் இந்த வேலையில் ஒரு தவறின் விலை என்ன என்பதை அது காட்டியது.

தீர்வு எளிமையானது. சாதாரண எண்கள் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். உடனே ஏதாவது செய்ய வேண்டியதற்கு மட்டும் சிவப்பு. கூடவே, எந்த வால்வை மூட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தமிழில் திரையிலேயே வரட்டும். நைட் ஷிப்டில் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றினால் இன்னும் நல்லது.