சுவருக்கும் விருந்து வைக்கச் சொன்ன துறவி: 800-வது நினைவு ஆண்டைக் கொண்டாடும் பிரான்சிஸ்கன் குடும்பம்

பொங்கல் நெருங்கும் நேரத்தில்தான் பல கிறிஸ்தவ வீடுகளில் குடில் கலையும். மூன்று ராஜாக்கள், இடையர்கள், கொம்பு உடைந்த மாடு, பிள்ளைகள் எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்த பிளாஸ்டிக் வாத்து என எல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போய்விடும். அடுத்த டிசம்பர் வரை யாரும் தொட மாட்டார்கள்.

அந்தக் குடில் வழக்கம் உலகம் முழுக்கப் பரவ வழி செய்தவர், இத்தாலியின் அசிசி நகரைச் சேர்ந்த புனித பிரான்சிஸ். அவர் இறந்து வரும் அக்டோபர் 3-ம் தேதியோடு 800 ஆண்டுகள் ஆகின்றன. இதையொட்டி 2026 ஜனவரி 10 முதல் 2027 ஜனவரி 10 வரை புனித பிரான்சிஸின் சிறப்பு யூபிலி ஆண்டாகத் திருத்தந்தை 14-ம் லியோ அறிவித்திருக்கிறார்.

அவர் தொடங்கிய துறவறக் குடும்பத்துக்கு இது பெரிய விழா. ஆனால், இந்த விழாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனக்கென்று ஒரு வீடு, ஒரு காசு, மாற்று அங்கிகூட வேண்டாம் என்று வாழ்ந்த மனிதருக்கு எப்படி விழா எடுப்பது?

யார் இந்தப் பிரான்சிஸ்கன்கள்?

பிரான்சிஸ் ஒரு துணி வியாபாரியின் மகன். அப்பாவின் சொத்து வேண்டாம் என்று, உடுத்தியிருந்த துணியையும் ஆயர் முன்னால் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறியவர். அவரோடு சேர்ந்தவர்களுக்கு அவர் வைத்த பெயர், ‘சிறிய சகோதரர்கள்’. மடத்தின் பொறுப்பாளரைத் ‘தலைவர்’ என்று அழைப்பதில்லை, ‘காவலர்’ என்கிறார்கள். மாநிலப் பொறுப்பாளருக்கு ‘பணியாளர்’ என்று பொருள்படும் பெயர். பெயரிலேயே பெரியவர், சின்னவர் பேதம் வந்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்திருக்கிறார்.

காலப்போக்கில் இந்தச் சபை மூன்று கிளைகளானது. பழுப்பு நிற அங்கி அணியும் சிறிய சகோதரர்கள், கூரான தொப்பி தைத்த அங்கி அணியும் கப்புச்சின்கள், கருப்பு அல்லது சாம்பல் அங்கி அணியும் கன்வென்சுவல் துறவிகள். இவர்களோடு, புனித கிளாராவின் வழியில் அடைபட்ட மடங்களில் வாழும் கிளாரா சபை சகோதரிகள். திருமணமாகி, குழந்தைகளோடு வாழ்ந்துகொண்டே பிரான்சிஸின் வழியைப் பின்பற்றுகிறவர்களுக்கும் ‘மூன்றாம் சபை’ என்று தனி இடம் உண்டு.

துறவிகளின் இடுப்புக் கயிற்றைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் மூன்று முடிச்சுகள் இருக்கும். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளுக்கு ஒவ்வொரு முடிச்சு. இளைஞர் ஒருவர் பொறுப்பாளரின் கைகளுக்குள் தன் கைகளை வைத்து முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள், மடத்துக்குள் பெரிய கொண்டாட்டம். பிறகு 25 ஆண்டில் வெள்ளி விழா, 50 ஆண்டில் பொன்விழா. அன்றைக்கு அதே வாக்கைத் திரும்பச் சொல்வார்கள். பிள்ளையைச் சபைக்குக் கொடுத்த குடும்பங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

நான்கு ஆண்டுகள் நீளும் விழா

இந்த 800-வது ஆண்டு விழா திடீரென்று வந்ததல்ல. 2023-ல் இருந்தே ஒவ்வோர் ஆண்டும் பிரான்சிஸின் வாழ்க்கையில் ஒரு நிகழ்வை இந்தக் குடும்பம் நினைவுகூர்ந்து வருகிறது.

2023: சபையின் ஒழுங்குவிதிகளை 1223 நவம்பர் 29-ல் திருத்தந்தை 3-ம் ஹொனோரியுஸ் அங்கீகரித்ததும், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் கிரேச்சோ கிராமத்தில் குடில் அமைத்ததும்.

2024: 1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் இயேசுவின் ஐந்து காயங்களை பிரான்சிஸ் தன் உடலில் பெற்றது.

2025: 1225-ல் அவர் இயற்றிய படைப்புகளின் பாடல். சூரியனை அண்ணன் என்றும் நிலவை அக்கா என்றும் உறவு சொல்லி அழைத்த இந்தப் பாடல், இத்தாலிய மொழியின் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று. இதைப் பாடியபோது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போயிருந்தது. வெளிச்சம் பட்டாலே வலிக்கும் நிலையில் இருந்தவர்தான் சூரியனைப் புகழ்ந்திருக்கிறார்.

2026: அவருடைய மரணம்.

இந்த வரிசையில் கிரேச்சோ நிகழ்வை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டு வாரங்களுக்கு முன்பே ஜான் என்ற உள்ளூர் நண்பரிடம் பிரான்சிஸ் கேட்டது மூன்றே பொருட்கள்: வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. பெத்லகேமில் அந்தக் குழந்தை எவ்வளவு வசதி இல்லாமல் கிடந்தது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஊர்மக்கள் தீப்பந்தங்களோடு வந்தார்கள். தொட்டிக்கு மேலேயே திருப்பலி நடந்தது. நம் வீட்டுக் குடிலில் இன்று மினுக்கும் சீரியல் விளக்கு எதுவும் அங்கே இல்லை. விழா முடிந்ததும் அந்த வைக்கோலையும் மக்கள் பத்திரமாக எடுத்துவைத்து, நோய்வாய்ப்பட்ட கால்நடைகளுக்குக் கொடுத்ததாக அவருடைய முதல் வரலாற்றாசிரியர் செலானோ தாமஸ் எழுதியிருக்கிறார்.

கூரை ஏறி ஓட்டைப் பிடுங்கியவர்

ஏழ்மை விஷயத்தில் பிரான்சிஸ் எவ்வளவு கறாரானவர் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். சபையின் சகோதரர்கள் எல்லோரும் அசிசிக்குக் கீழே இருக்கும் போர்சியுன்கோலா என்ற சின்னஞ்சிறு கோயிலைச் சுற்றிக் கூடுவது வழக்கம். ஆயிரக்கணக்கில் வருவார்கள். தங்க இடமிருக்காது. பாய்களால் தடுப்புக் கட்டிப் படுத்துக்கொண்டதால், அப்படி நடந்த ஒரு கூட்டத்துக்குப் ‘பாய்களின் பேரவை’ என்றே பெயர் வந்துவிட்டது. சுற்றுவட்டார மக்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இவர்கள் படும் பாட்டைப் பார்த்த அசிசி நகர மக்கள், பிரான்சிஸ் ஊரில் இல்லாத நேரத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரு வீடு கட்டிவிட்டார்கள். திரும்பிவந்த பிரான்சிஸ் பேசாமல் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கிக் கீழே எறிய ஆரம்பித்துவிட்டார். ‘இது உங்கள் வீடு இல்லை, நகரத்துக்குச் சொந்தமானது’ என்று எடுத்துச்சொன்ன பிறகுதான் இறங்கினாராம்.

அந்தப் போர்சியுன்கோலா கோயில்கூட அவர்களுடையது கிடையாது. பெனடிக்ட் சபைத் துறவிகளிடமிருந்து கிடைத்த இடம். அது அவர்களுக்குச் சொந்தமானது என்பதை மறக்கக்கூடாது என்பதற்காக, ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாகக் கொடுத்திருக்கிறார் பிரான்சிஸ்.

ஆனால், சிடுமூஞ்சி இல்லை

இவ்வளவு கறாரானவர் கொண்டாட்டத்தையே வெறுத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் ஆச்சரியம்.

ஒருமுறை கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடக்கூடாதே என்று சகோதரர்களுக்குள் பேச்சு வந்தபோது பிரான்சிஸுக்குக் கோபமே வந்துவிட்டது. குழந்தை பிறந்த நாளை நோன்பு நாள் என்று சொல்வதா, அன்றைக்குச் சுவர்கூட இறைச்சி சாப்பிட வேண்டும், அதற்கு வாய் இல்லை என்றால் மேலேயாவது பூசிவிட வேண்டும் என்பதுபோல அவர் பதில் சொன்னதாகச் செலானோ தாமஸ் பதிவு செய்திருக்கிறார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பணக்காரர்கள் ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீனி வைக்க வேண்டும், பறவைகளுக்காகத் தானியத்தைச் சாலையில் இறைக்க வேண்டும் என்று விரும்பினார். பேரரசரைச் சந்திக்க முடிந்தால் இதைச் சட்டமாகவே போடச் சொல்வேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு முதலில் பொங்கல் ஊட்டுகிற நமக்கு இது புதிதில்லை. வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்கும் பங்கு வைத்த பாட்டிகளுக்கு பிரான்சிஸை நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆக, அவர் விழாவை எதிர்க்கவில்லை. விழாவில் யாராவது விடுபட்டுப்போவதைத்தான் எதிர்த்திருக்கிறார்.

சாகும் நேரத்தில் கேட்ட இனிப்பு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 3 மாலை, உலகம் முழுக்க பிரான்சிஸ்கன் மடங்களில் ‘திரான்சித்துஸ்’ என்ற வழிபாடு நடக்கிறது. ‘கடந்துபோதல்’ என்று பொருள். மெழுகுவத்தி ஏற்றி, பிரான்சிஸ் இறந்த கதையை வாசித்து, அவர் இறக்கும்போது சொன்ன திருப்பாடலைப் பாடுவார்கள்.

அந்தக் கதை இப்படிப் போகிறது. 1226-ல் சாவு நெருங்கியபோது, தன்னை வெறுந்தரையில், ஆடையில்லாமல் கிடத்தச் சொன்னார் பிரான்சிஸ். மடத்தின் காவலர் ஓர் அங்கியைக் கொண்டுவந்து, ‘இது உங்களுக்குச் சொந்தமில்லை, இரவல்தான்’ என்று சொல்லிப் போர்த்திய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

அதே மனிதருக்குக் கடைசி நாட்களில் ஓர் ஆசையும் வந்தது. ரோமில் இருந்த யாக்கோபா என்ற பெண்மணி, பிரான்சிஸ் அங்கே போகும்போதெல்லாம் பாதாமும் தேனும் சேர்த்து ஓர் இனிப்பு செய்து கொடுப்பார். அதைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் எழுதவைத்தார். கடிதம் கிளம்பும் முன்பே இனிப்போடும், மெழுகுவத்தியோடும், அவரைப் போர்த்துவதற்கான துணியோடும் யாக்கோபா வாசலில் வந்து நின்றாராம். மடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது விதி. இவரை பிரான்சிஸ் ஏற்கெனவே ‘சகோதரர் யாக்கோபா’ என்றுதான் கூப்பிடுவார். அதனால் கதவு திறந்தது.

இறுதி ஊர்வலம் அசிசிக்குப் போகும் வழியில், சான் தமியானோ மடத்தில் நின்றது. அடைபட்ட மடத்துக்குள் இருந்த கிளாராவும் சகோதரிகளும் கடைசியாக ஒருமுறை அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. யாக்கோபாவின் கல்லறை இன்று அசிசியில், பிரான்சிஸின் கல்லறைக்கு எதிரிலேயே இருக்கிறது. அவர் நினைவாக அக்டோபர் 3 இரவில் பாதாம் இனிப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் பல மடங்களில் உண்டு.

பேராலயமா, வெறுந்தரையா?

1228 ஜூலை 16-ல் பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கப்பட்டார். மறுநாளே அவருக்காக ஒரு பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஓட்டைப் பிடுங்கி எறிந்தவருக்குக் குன்றின்மேல் ஒரு பேராலயம். அவர் இறந்த போர்சியுன்கோலாவையும் இன்று ஒரு மாபெரும் பேராலயம் சுற்றி வளைத்து நிற்கிறது. ஏழ்மையை எவ்வளவு கடுமையாகப் பின்பற்றுவது என்ற வாக்குவாதம் சபைக்குள் நூற்றாண்டுகளாக நடந்தது. சபை பல கிளைகளாகப் பிரிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த ஆண்டும் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. பிப்ரவரி 22 முதல் மார்ச் 22 வரை பிரான்சிஸின் உடல் எச்சங்கள் அசிசி பேராலயத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவிருக்கின்றன. கட்டணம் இல்லை, இணையத்தில் முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். இத்தாலி அரசு தன் பங்குக்கு, 1977-ல் நிறுத்தப்பட்ட அக்டோபர் 4 தேசிய விடுமுறையை இந்த ஆண்டிலிருந்து மீண்டும் கொண்டுவருகிறது. முதல் விடுமுறையே ஞாயிற்றுக்கிழமையில் வருவதுதான் வேடிக்கை!

பிரான்சிஸ் இருந்திருந்தால் இதையெல்லாம் ரசித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைத் துறவிகள் மறக்காமல் இருப்பதற்குத்தான், பேராலயத்தில் விழா முடிந்தாலும் அக்டோபர் 3 இரவில் அந்த வெறுந்தரைக் கதையை மறுபடி மறுபடி வாசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நம்ம ஊர் அந்தோனியாரும் பிரான்சிஸ்கன்தான்

இதெல்லாம் எங்கோ இத்தாலிக் கதை என்று நினைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை சென்னை பாரிமுனை ஆர்மீனியன் தெருப் பக்கம் போனால், ‘அந்தோனியார் கோயில்’ வாசலில் எல்லா மதத்தினரும் மெழுகுவத்தியோடு நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பதுவை அந்தோனியார் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. பிரான்சிஸ் உயிரோடு இருந்தபோதே சபையில் சேர்ந்தவர். சகோதரர்களுக்கு இறையியல் கற்றுக்கொடுக்க பிரான்சிஸே கடிதம் எழுதி அனுமதித்தார். செவ்வாய்க்கிழமை அவருக்குரிய நாளானது, 1231-ல் அவர் அடக்கம் செய்யப்பட்ட கிழமை அது என்பதால். சென்னைக்கும் கப்புச்சின்கள் 1642-லேயே வந்துவிட்டார்கள்.

தென் மாவட்டங்களில் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டால் பலர் அசனம் போடுவார்கள். ஊரையே உட்காரவைத்துச் சோறு போடும் விருந்து. வந்தவர் யார், என்ன மதம் என்று இலைக்கு முன்னால் யாரும் கேட்பதில்லை.

800 ஆண்டு விழாவை எப்படிக் கொண்டாடுவது என்ற கேள்விக்கு, பிரான்சிஸுக்குப் பிடித்த பதில் அந்த இலையில்தான் இருக்கும். அடுத்த டிசம்பரில் பரணிலிருந்து குடிலை இறக்கும்போது, அந்தக் கொம்பு உடைந்த மாட்டைப் பின்னால் தள்ளாமல் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முதல் குடிலில் அதன் இடம் அதுதான்.