ஊசியைக் கண்டால் மிரளும் குதிரை: மருத்துவர் வராத நாளில் பழக்குங்கள்!

ஆடி மாதம், ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாத சுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்குக் குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். பிறகு நிறம், பல், நடை. கத்தியவாரா, மார்வாரியா, நாட்டு மட்டமா என்று பேச்சு நீளும். விலை படிந்ததும் கயிறு கைமாறிவிடும். நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரியும். கால்நடை மருத்துவர் பையைத் திறந்து, ஸ்பிரிட் வாசம் எழுந்தவுடன் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கும். நாலு பேர் பிடித்து, ஒருவர் காதைத் திருக, மூக்கில் கயிற்றுச் சுருக்குப் போட்டு முறுக்கி எப்படியோ ஊசி போட்டுவிடுவார்கள். அன்றைக்கு வேலை முடிந்தது. அடுத்த முறை ஆறு பேர் வேண்டும். பட்ட வலியைக் குதிரை லேசில் மறக்காது.

தொல்லை என்று விட்டுவிட முடியாது

ரணஜன்னி எனும் டெட்டனஸ், கால்நடைகளில் குதிரையைத்தான் மிக எளிதாகத் தாக்கும். குளம்பின் அடியில் ஏறிய ஓர் ஆணி போதும். காலைத் தூக்கவிடாத குதிரையில் அந்த ஆணி கண்ணில் படாது. தாடை இறுகி, உடம்பு விறைத்த பிறகு பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. தடுப்பூசி இருக்கிறது, முதல் இரண்டு ஊசிகளைச் சில வாரங்கள் இடைவெளியில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். ஊசிக்கு நிற்காத குதிரைக்கு அது தள்ளிக்கொண்டே போகும்.

வயிற்றுவலியும் அப்படித்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை உப்பினால், மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். நள்ளிரவில், முகத்தில் கை வைக்கவே விடாத குதிரையோடு போராடினால் போகிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

கையை எப்போது எடுப்பது?

பழக்குவதன் சூட்சுமம் முழுக்க இதில்தான். குதிரை தலையை உதறும்போது கையை எடுத்தால், ‘உதறினால் கை போய்விடும்’ என்று அது கற்றுக்கொள்ளும். அசையாமல் நின்ற ஒரு நொடியில் எடுத்தால், ‘நின்றால் கை போய்விடும்’ என்று கற்றுக்கொள்ளும். உதறல் நிற்கவே இல்லை என்றால், தொடங்கிய இடம் தவறு. கழுத்து பொறுக்கவில்லையா, தோளுக்குத் திரும்ப வேண்டும்.

குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை கிடையாது. எனவே குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக நெருங்க வேண்டும். வழுக்காத தரை, பழகிய இடம், தீனி தின்று வயிறு நிறைந்த நேரம் நல்லது. கம்பத்தில் கட்ட வேண்டாம். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். பிடிக்கிறவரும் பழக்குகிறவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. ஐந்து, பத்து நிமிடம் போதும்.

ஊசிக்கு இப்படிப் பழக்கலாம்: முதலில் பிடரி முடியும் மேட்டில் நன்றாகச் சொறிந்துவிட வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் அடங்கும். பிறகு கழுத்தைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். அதற்குப் பழகியதும் தோலைக் கிள்ளுவது, பேனா மூடியால் அழுத்துவது, ஊசி இல்லாத சிரிஞ்சை வைப்பது என்று போகலாம். கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தினால், ரத்தம் எடுப்பதற்கும் பழகும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கான பரிசோதனைக்கு ரத்தம்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் அசையாமல் நின்றவுடனே ஒரு சிறு துண்டு கேரட், அல்லது ஊறிய கொள்ளு ஒரு பிடி. கை கடிக்கிற குதிரைக்கு வாளியில் போடலாம்.

குடற்புழு மருந்துக்கு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெல்லத் தண்ணீரை எடுத்து, கடைவாய் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளி வழியாக அவ்வப்போது கொடுத்து வந்தால், மருந்து வரும் நாளில் வாயைத் திருப்பாது.

காலுக்கு, தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே தடவிக்கொண்டே போய், தூக்கியதும் ஒரு நொடியில் நாமே மெல்ல இறக்கிவிட வேண்டும். அது பிடுங்கும் வரை காத்திருக்கக் கூடாது. நேரத்தைக் கூட்டி, பிறகு சிறு கல்லால் குளம்பைத் தட்டிப் பழக்கினால் லாடம் அடிப்பவர் வாழ்த்துவார். பின்னங்காலுக்கு இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பின்னால் அல்ல. வாலைத் தூக்கி வெப்பமானி வைக்கவும் அதே நிலைதான். நலமான குதிரைக்கு வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட், ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தம் குதிரையின் அளவை லாயச் சுவரில் எழுதி வைத்தால், போனில் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

மயக்க மருந்து

அவசரத்தில் மருத்துவர் மயக்க மருந்து தரலாம். கடையில் வாங்கி வளர்ப்பவரே கொடுப்பது ஆபத்து. சில மருந்துகளால் ஆண் குதிரைக்குக் குறி உள்ளிழுக்காமல் நிலையாகக் கெட்டுப்போவதும் உண்டு. அரைத்தூக்கத்தில் நிற்கும் குதிரை எச்சரிக்கையே இல்லாமல் உதைக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நேற்றுவரை நின்ற குதிரை திடீரென்று தொடவிடவில்லை என்றால் பழக்கத்தை நிறுத்திவிட்டு வலியைத் தேட வேண்டும்: பல், காதில் உண்ணி, குளம்பு, முதுகில் சேணம் அழுத்திய புண்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அடிபடாத குட்டி சில வாரங்களிலேயே பழகிவிடும். காது திருகப்பட்ட குதிரைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். காதை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும்.