கார்ப் பந்தயம்: வேலிக்கு வெளியே நிற்பவரின் யோசனைகள்

மைசூர் என்றதும் யானையும் அம்பாரியும் பட்டுச் சேலையும் நம் மனக்கண் முன் வருகின்றன. எந்திர வேகத்துக்கும் இந்நகருக்கும் உள்ள உறவை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1961 முதல் 1996 வரை, முதலில் ஜாவா என்றும் பின்னர் எஸ்டி என்றும் பெயர் பூண்ட மோட்டார் சைக்கிள்கள் இந்நகரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்தே நாடெங்கும் சென்றன. இங்கே தோன்றிய விக்ராந்த் டயர் ஆலையை 1997இல் ஏற்றுக்கொண்ட ஜே. கே. நிறுவனம், தேசியக் கார்ப் பந்தயங்களைப் பல ஆண்டுகளாக ஆதரித்து வருகிறது. தசராத் திருநாட்களில் லலித மகாலை அடுத்த திடலில் மண் தடத்திலே கார் ஓட்டும் போட்டிகளும் நடந்ததுண்டு. ஆகவே, மோட்டார்ப் பந்தயத்தைச் செம்மைப்படுத்துவது எப்படி என்னும் விஷயம் மைசூர் நேயர்களுக்கு அந்நியமானதன்று.

இதைப் பற்றி ஓட்டுவோரும் நடத்துவோரும் கூறும் கருத்துக்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். சீட்டு வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே வெயிலில் நிற்கும் ரசிகர் என்ன கருதுகிறார் என்பதைக் கேட்பவர் சிலரே. அவருடைய யோசனைகள் எல்லாம் ஏற்கத்தக்கவை அல்ல. எல்லாம் தள்ளத்தக்கவையும் அல்ல. அவற்றுள் முக்கியமான சிலவற்றை எடுத்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் ஒரு பெயரை விளக்கிவிடுவோம். அமெரிக்காவில் ‘ஸ்டாக் கார்’ என்று ஒரு பந்தய வகை உண்டு. ஸ்டாக் என்பது கடையில் இருப்பாக உள்ள சரக்கு. பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட வண்டியாக இல்லாமல், எவரும் கடையில் வாங்கக்கூடிய வண்டியையே ஓட்டவேண்டும் என்பது அதன் ஆதிக் கொள்கை. இதை நடத்தும் நாஸ்கார் என்னும் அமைப்பு 1948இல் தோன்றியது. 1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் சார்லட் நகரில் நடந்த அதன் முதற் கடை வண்டிப் பந்தயத்திலேயே ஒரு வழக்கு எழுந்தது. முதலாவதாக வந்த கிளென் டனவே என்பவரின் வண்டியைச் சோதித்தபோது, அதன் பின்புற வில்கள் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அவர் விலக்கப்பட்டார், அடுத்து வந்த ஜிம் ரோப்பர் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். கடை வண்டிதான் ஓடுகிறது என்ற நம்பிக்கையே அப்பந்தயத்தின் மூலதனம். அது குலைந்தால் பந்தயமே குலையும் என்பதை நடத்தினோர் அன்றே உணர்ந்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய பந்தயம் இருந்தது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. 1953இல் அமைந்த சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிற்று. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு ஆகிய வண்டிகளும், என்ஃபீல்டு, ஜாவா முதலிய மோட்டார் சைக்கிள்களும் அங்கே ஓடின. பிப்ரவரி மாதப் பந்தயத்தைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. பந்தயம் 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த நிலையான களத்துக்கு மாறியது. தடம் சீரானது, பாதுகாப்பும் கூடிற்று. ஆனால் சோழவரத்தில் கண்ட கூட்டம் அங்கே காணப்படவில்லை. தடம் உயர்ந்தபோது கூட்டம் ஏன் குறைந்தது? ரசிகர்களின் யோசனைகள் யாவும் இந்தக் கேள்விக்கு அளிக்கப்படும் விடைகளே எனலாம்.

முதல் யோசனை: ஓடுகிற வண்டி எங்கள் வண்டியாக இருக்கட்டும் என்பது. சோழவரத்தில் ஃபியட் முந்தினால், வீட்டில் ஃபியட் வைத்திருந்தவர் மகிழ்ந்தார். ஜாவா முந்தினால், அதை ஓட்டியவர் மட்டுமன்றி, மைசூரில் அதைச் செய்த தொழிலாளியும் பெருமை கொள்ள இடமிருந்தது. இன்று உயர்ந்த பந்தயங்களில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டிகளைத் தெருவில் காண முடியாது. ஆகவே, கடை வண்டிகள் பல கம்பெனிகளின் பெயரால் மோதவேண்டும் என்று ரசிகர் கேட்கிறார்.

இது நியாயமான வேண்டுகோளே. எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பல கம்பெனி வண்டிகள் மோதினால், அதிகப் பணம் செலவிடும் கம்பெனி சில ஆண்டுகளில் மற்றவற்றை விரட்டிவிடும். அதைத் தடுக்க, எல்லோருக்கும் ஒரே வகை வண்டியைத் தந்து ஓட்டச் சொல்வது ஒரு வழி. 2010இல் நம் நாட்டில் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ பந்தயம் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் ஓட்டுபவரின் திறமை தெளிவாகத் தெரியும். செலவும் கட்டுக்குள் நிற்கும். ஆனால் எந்தக் கம்பெனி வெல்லும் என்ற ஆவலுக்கு அங்கே இடமில்லை; அக்கம்பெனி கைவிட்டால் பந்தயமும் நின்றுவிடும். சமத்துவமும் வேண்டும், போட்டிக் கம்பெனிகளும் வேண்டும் என்று ரசிகர் ஒரே மூச்சில் கேட்கும்போது, ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு பொருள்களைக் கேட்கிறார் என்பதை உணரவேண்டும். எஞ்சினின் அளவையும் வண்டியின் எடையையும் வரையறுத்து, டயர் எல்லோருக்கும் ஒன்றே என்று வைத்து, மேற்கூட்டை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விடுவது இடைப்பட்ட வழியாகும். சோதனை கண்டிப்பாக இருந்தாலன்றி அதுவும் பலிக்காது.

இரண்டாம் யோசனை: கணக்கு எங்களுக்குப் புரியட்டும் என்பது. ஓராண்டில் பல பந்தயங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி ஆண்டின் வீரரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2010 முதல் முதலிடத்துக்கு 25, இரண்டாவதற்கு 18, மூன்றாவதற்கு 15 என்று புள்ளிகள் இறங்கிச் செல்கின்றன. பத்துப் பந்தயங்களில் ஒருவர் 4 முறை முதலாவதாக வந்து, 6 முறை வண்டி பழுதாகி நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 100 புள்ளி. மற்றொருவர் ஒரு முறையும் வெல்லாமல், பத்து முறையும் மூன்றாவதாக வந்தார். அவருக்கு 150 புள்ளி. சிறந்தவர் யார்? அடிக்கடி வென்றவரா, என்றும் தவறாதவரா?

2003இல் நாஸ்கார் பந்தயத்தில் இதே கேள்வி பெரிதாக எழுந்தது. அவ்வாண்டு ஒரே ஒரு பந்தயத்தில் வென்ற மாட் கென்செத் ஆண்டின் வீரரானார். 8 பந்தயங்களில் வென்ற ரையன் நியூமன் ஆறாம் இடத்தில் நின்றார். வெற்றிக்கு மதிப்பில்லையா என்று ரசிகர்கள் கேட்டனர். 2004 முதல் விதியை மாற்றி, இறுதிப் பத்துப் பந்தயங்களைத் தனிப் போட்டியாக்கினர். 2014இல் அதையும் மாற்றி, கடைசியில் நால்வரை நிறுத்தி, ஒரே பந்தயத்தில் முடிவு காணும் முறையை வகுத்தனர். பரபரப்பு மிகுந்தது, ஆனால் ஆண்டு முழுவதும் உழைத்தவர் கடைசி நாளின் ஒரு தடங்கலால் எல்லாவற்றையும் இழக்கும் நிலையும் உண்டாயிற்று. அதே ரசிகர்கள் இப்போது பழைய முறையே மேல் என்றனர். முடிவில், 2026ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு மீண்டும் இறுதிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் முறையே ஏற்கப்பட்டது. இதிலிருந்து நாம் அறிவது யாது? ரசிகரின் முறையீடு பெரும்பாலும் உண்மையானது. ஆனால் ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டே போனால், விதிப்புத்தகம் பருக்குமேயன்றி மனக்குறை தீராது. பள்ளிச் சிறுவன் விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கே நல்ல கணக்கு.

மூன்றாம் யோசனை: எங்கள் மொழியில் எங்களுக்குச் சொல்லுங்கள் என்பது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. கிரிக்கெட் ஆட்டம் நாட்டு மக்களின் ஆட்டமானதில் தமிழிலும் இந்தியிலும் பிற மொழிகளிலும் வானொலி செய்த வருணனைக்குப் பெரும் பங்கு உண்டு. மட்டையைக் கையில் தொட்டறியாதவரும் ‘நான்கு ஓட்டங்கள்’ என்ற குரலைக் கேட்டுத் துள்ளினர். கார்ப் பந்தயத்துக்கு அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை. வண்டி நம்மைக் கடந்து செல்வது சில நொடிகளே. அது மறைந்த பின் யார் முன்னே, யார் பின்னே, ஏன் ஒருவர் நடுவில் நின்று டயர் மாற்றினார் என்பவற்றை ஒருவர் விளக்கினாலன்றிப் பந்தயம் வெறும் இரைச்சலே.

மஞ்சட் கொடி காட்டினால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே என்று பொருள். நீலக் கொடி காட்டினால் பின்னால் விரைந்து வருபவருக்கு வழிவிடு என்று பொருள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி காட்டினால் பந்தயம் முடிந்தது என்று பொருள். இவ்வளவையும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்ட ஒரு தாளைச் சீட்டுடன் சேர்த்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? லட்சக்கணக்கில் வண்டிக்குச் செலவிடுவோர் இச்சிறு செலவை மறப்பது வியப்பே.

நான்காம் யோசனை: சாமானியனுக்கும் இடம் கொடுங்கள் என்பது. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் புத்தர் பெயரால் அமைந்த 5.125 கிலோமீட்டர் களத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெர்மானியரான செபாஸ்டியன் வெட்டல் வென்றார். வரி பற்றிய பூசல்களும் பெருஞ்செலவும் சேர்ந்து, அதன் பின்னர் அப்பந்தயம் நின்றுபோயிற்று. ஐதராபாத்தில் 2023 பிப்ரவரியில் மின்சாரக் கார்கள் நகரத் தெருவில் ஓடின. அடுத்த ஆண்டுக்குரிய பந்தயம் கைவிடப்பட்டது. உலகப் புகழுக்காக ஒரு முறை செய்யும் ஆடம்பரம், ஆண்டுதோறும் நடக்கும் உள்ளூர்ப் பந்தயத்துக்கு ஈடாகாது என்பதற்கு இவை சான்றுகள்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. பொதுச் சாலையையும் பொதுப் பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாமா என்பது அதற்கு முன்பே உயர் நீதிமன்றம் வரை சென்றது. இந்தக் கேள்வியைப் பந்தயத்தின் பகைவர் எழுப்பியது என்று ஒதுக்குவது சரியன்று. நகரத்தின் நடுவே பந்தயம் நடந்தால், பஸ்ஸில் வந்து பார்க்கலாம் என்பது ரசிகரின் ஆசை. அதே சாலையில் மருத்துவமனைக்குப் போகவேண்டியவரும் உண்டு. இருவருக்கும் விடை சொல்லக்கூடிய ஏற்பாடே நிலைத்து நிற்கும்.

இனி, ஏற்கவே முடியாத ஒரு யோசனையைப் பற்றியும் பேசவேண்டும். மோதல் இருந்தால்தான் சுவை. பாதுகாப்பு மிகுந்தால் பந்தயம் சப்பென்று ஆகிவிடும் என்று சிலர் கூறுகிறார்கள். 1955 ஜூன் 11ஆம் நாள் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஒரு வண்டி சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஓட்டியவர் ஒருவரே, ஏனையோர் பார்க்க வந்தவர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் புகழ்மிக்க வீரர் டேல் எர்ன்ஹார்ட் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி உயிரிழந்தார். அதன் பின்னரே கழுத்தைக் காக்கும் கருவி அங்கே கட்டாயமாயிற்று. மோதலின் வேகத்தைத் தாங்கி உள்வாங்கும் தடுப்புச் சுவர்களும் பரவின.

நமக்கு மிக அருகிலும் துயரங்கள் நேர்ந்துள்ளன. 2023 ஜனவரியில், கடை வண்டிகளை ஒத்த கார்களுக்கான பந்தயத்தில், அனுபவமிக்க வீரர் கே. ஈ. குமார் இருங்காட்டுக்கோட்டையில் உயிர் துறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே களத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய, பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் மாண்டான். நீண்ட அனுபவமும் காக்கவில்லை, பிஞ்சு வயதும் காக்கவில்லை என்றால், விதியும் கருவியும் மேற்பார்வையுமே காக்கவேண்டும். எந்த வயதில் எவ்வளவு வேகம் என்பதை ஆர்வமுள்ள தந்தையரும் பணம் தருவோரும் தீர்மானிக்க விடலாகாது. பந்தயத்தை ஆளும் அமைப்பே தீர்மானிக்கவேண்டும். சென்னைத் தெருப் பந்தயத்தின் முதல் நாளில் பாதுகாப்புச் சான்று கிடைப்பது தாமதமானதால் கூட்டம் நெடுநேரம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை ரசிகர் குறையாகக் கருதலாகாது. சான்றில்லாமல் ஓடவிடாத உறுதியே அவருடைய உயிருக்கும் காவல்.

முடிவாக ஒன்று கூறுவோம். பந்தயத்துக்கு எஞ்சினும் தடமும் வேண்டும். பார்ப்பவர் இல்லாவிட்டால் அது செல்வர் சிலரின் பொழுதுபோக்காகவே முடியும். தெருவில் காணும் வண்டி, எளிய கணக்கு, தாய்மொழி விளக்கம், சாமானியனுக்கு எட்டும் கட்டணம், குறையாத காவல் ஆகிய ஐந்தும் பெருஞ்செலவால் வருவன அல்ல. கேட்கும் செவியால் வருவன. மல்யுத்தக் களத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பிடியையும் பெயர் சொல்லி வியக்கும் மைசூர் மக்கள், மண் தடத்தில் திரும்பும் காரின் நுட்பத்தையும் அவ்வாறே பெயர் சொல்லி வியக்கும் நாள் வரவேண்டும். அதற்கு முதற்படியாக, பந்தயம் நடத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேலிக்கு வெளியே வந்து நின்று, அங்கிருப்பவர் சொல்வதைக் கேட்பார்களாக.